திரு. வி. கலியாணசுந்தரனார்

திரு. வி. க. என்று பரவலாக அறியப்படும் திருவாரூர் விருத்தாசல கலியாணசுந்தரனார் (ஆகஸ்டு 26, 1883 - செப்டம்பர் 17, 1953) தமிழறிஞர், கவிஞர், இதழாசிரியர், சமுதாயச் சிந்தனையாளர், தொழிற்சங்கத் தலைவர் எனப் பல நிலைகளில் தொண்டாற்றியவர். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்து சென்னை இராயப்பேட்டையில் வாழ்ந்தவர். எளிமையும் இனிமையும் கலந்த இவரது நடையால் தமிழ்த்தென்றல் என்னும் பட்டப்பெயர் பெற்றார். உரைநடையாளராகவும் மேடைப் பேச்சாளராகவும் பெரிதும் அறியப்பட்டாலும், இவர் இயற்றிய செய்யுள் நூல்களும் பலவாகும். இறை வழிபாடும் தொழிலாளர் உரிமையும் பெண் விடுதலையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே இவரது வாழ்வின் அடிப்படைக் கருத்தாகும். அக்கருத்தைப் பேச்சளவில் நிறுத்தாமல் நடைமுறைக்குக் கொண்டுவர முயன்றதும், அதன் பொருட்டுப் பல இழப்புகளை ஏற்றதும் இவரது வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை.

பிறப்பும் குடும்பமும்

கலியாணசுந்தரனார் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த துள்ளம் என்னும் சிற்றூரில் விருத்தாசல முதலியாருக்கும் சின்னம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். துள்ளம் சென்னைக்குத் தென்மேற்கே உள்ளது. பின்னர் தண்டலம் என்று வழங்கப்பட்டது. இவரது முன்னோர் திருவாரூரைச் சேர்ந்தவர்கள். பெயரின் முன்னெழுத்துகளில் உள்ள திரு என்பது அவ்வூரையும், வி என்பது தந்தையாரையும் குறிக்கும். தந்தையார் வணிகம் செய்தவர். இசையிலும் இலக்கியத்திலும் பயிற்சி உடையவர். தொடக்கக் கல்வியை மகனுக்குத் தாமே கற்பித்தார். பின்னர் குடும்பம் சென்னை இராயப்பேட்டையில் குடியேறியது. தமையனார் உலகநாத முதலியார் பிற்காலத்தில் இவரது எழுத்துப் பணிக்கும் அச்சுப் பணிக்கும் உறுதுணையாக விளங்கினார்.

கல்வி

1894 ஆம் ஆண்டில் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார். அக்காலத்தில் கடும் நோயுற்றுக் கைகால்கள் முடங்கினமையால் இவரது படிப்பு சில ஆண்டுகள் தடைப்பட்டது. உடல் நலம் பெற்ற பின் மீண்டும் அப்பள்ளியிலேயே சேர்ந்தார். அங்குத் தமிழாசிரியராக இருந்த யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் இலக்கியமும் சைவ நூல்களும் பயின்றார். ஆசிரியரின் புலமையும் பேச்சாற்றலும் மாணவரை மிகவும் கவர்ந்தன.

அக்காலத்தில் இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பா எனத் தக்கவையா என்னும் பூசல் தமிழ்ச் சைவர்களிடையே மீண்டும் எழுந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரால் தொடங்கப்பட்ட இந்த மறுப்பைக் கதிரைவேற்பிள்ளை முன்னெடுத்தார். பூசல் முற்றி நீதிமன்றத்தை அடைந்தது. 1904 ஆம் ஆண்டில் ஆசிரியர் சார்பாகச் சாட்சி சொல்லச் சென்ற கலியாணசுந்தரனார் தமது பள்ளித் தேர்வை எழுத இயலாமற் போயிற்று. அத்துடன் இவரது பள்ளிப் படிப்பு முடிவுற்றது. எனினும் தமிழ்க் கல்வி நிற்கவில்லை. 1907 இல் கதிரைவேற்பிள்ளை மறைந்த பின் மயிலை தணிகாசல முதலியாரிடம் தமிழும் சைவ சாத்திரங்களும் கற்றார். தம் ஆசிரியரின் வரலாற்றை 1908 இல் நூலாக வெளியிட்டார்.

பிற்காலத்தில் இவரது கருத்து விரிவடைந்தது. இளமையில் அருட்பா மறுப்பு அணியில் நின்ற இவரே, 1929 ஆம் ஆண்டில் இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலை எழுதி, அடிகளின் சமரச நெறியையும் உயிரிரக்கக் கொள்கையையும் போற்றினார். ஆசிரியர் மீது கொண்ட மதிப்பும் குறையவில்லை. கட்சி நிலையிலிருந்து சமரச நிலைக்கு இவர் பெயர்ந்ததற்கு இது தெளிவான சான்றாகும்.

பணியும் இல்வாழ்வும்

படிப்பு நின்ற பின் ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கர் வேலை பார்த்தார். 1907 இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவுகளால் நாட்டில் சுதேசி உணர்வு பரவியது. அவ்வுணர்வு கலியாணசுந்தரனாரையும் பற்றியது. விரைவில் அவ்வேலையை விட்டு விலகினார். 1910 முதல் ஆயிரம் விளக்கு வெஸ்லி பள்ளியில் ஆசிரியராகவும், அதன் பின் வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியராகவும் பணியாற்றினார். கிறித்தவ நிறுவனங்களில் பயின்றும் பணிபுரிந்தும் பெற்ற பழக்கம், பிற சமயங்களை அன்புடன் அணுகும் மனப்பான்மையை இவருக்கு அளித்தது.

1912 ஆம் ஆண்டில் கமலாம்பிகையாரை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த இரு குழந்தைகளும் இளம் பருவத்திலேயே இறந்தன. 1918 இல் மனைவியாரும் நோயால் மறைந்தார். அப்போது கலியாணசுந்தரனாருக்கு வயது 35. மறுமணம் செய்துகொள்ளாமல் எஞ்சிய 35 ஆண்டுகளையும் பொதுத் தொண்டில் கழித்தார். பெண்ணின் பெருமை குறித்து இவர் பின்னாளில் எழுதியவற்றுக்குக் கமலாம்பிகையாருடன் வாழ்ந்த அந்த ஆறு ஆண்டுகளே அடித்தளமாயின.

இதழியல்

1917 டிசம்பரில் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்க விரும்பி, கல்லூரிப் பணியைத் துறந்தார். அந்நாளில் அரசியல் செய்திகளும் விவாதங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. தமிழில் வந்த அரசியல் எழுத்துகளிலும் வடசொற்களும் ஆங்கிலச் சொற்களும் மிகுந்திருந்தன. படித்தவர் நடுவே மட்டும் உலவிய அரசியலைப் பொதுமக்களுக்குக் கொண்டு செல்ல வேண்டுமாயின் அவர்கள் மொழியில் எழுத வேண்டும் என்பது இவரது கொள்கை. தேசபக்தன் தலையங்கங்கள் இக்கொள்கையைச் செயலாக்கிக் காட்டின. 1920 இல் அவ்விதழிலிருந்து விலகி, அதே ஆண்டு அக்டோபரில் நவசக்தி என்னும் வார இதழைத் தொடங்கினார். இராயப்பேட்டையில் இயங்கிய சாது அச்சுக்கூடம் இவரது நூல்களை அச்சிட்டு வெளியிட்டது.

நவசக்தி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளிவந்தது. பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி 1923 இல் துணையாசிரியராகச் சேர்ந்து இவரிடம் இதழியல் பயிற்சி பெற்றார். வெ. சாமிநாத சர்மாவும் இவருடன் பணியாற்றியவர். நாட்டு விடுதலை, தீண்டாமை ஒழிப்பு, கைம்பெண் மறுமணம், தொழிலாளர் நலன், சமய ஒற்றுமை ஆகியவை இதழின் முதன்மைப் பொருள்களாக அமைந்தன. காந்தியடிகள் என்னும் வழக்கைத் தமிழில் பரவச் செய்தோருள் இவர் முதன்மையானவர். வைக்கம் போராட்டத்தில் ஈடுபட்ட ஈ. வெ. இராமசாமிக்கு வைக்கம் வீரர் என்னும் சிறப்புப் பெயரை வழங்கியவரும் இவரே.

இவரது உரைநடை சிறு சிறு தொடர்களால் ஆனது. வினாக்களும் வியப்புகளும் அடுக்குத் தொடர்களும் அதில் மிகுதி. மேடையில் பேசுவது போன்ற ஓட்டம் எழுத்திலும் அமைந்தது. இந்நடையைப் பின்பற்றி எழுதிய ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் உருவாயிற்று.

தொழிலாளர் இயக்கம்

சென்னை பெரம்பூரில் இயங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் ஆயிரக்கணக்கான நெசவுத் தொழிலாளர்கள் வேலை செய்தனர். நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, மேலாளர்களின் கடுமை, உணவுக்குப் போதாத இடைவேளை ஆகியவற்றால் அவர்கள் துன்புற்றனர். அப்பகுதியில் செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு ஆகியோர் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் சமயச் சபையை நடத்தி வந்தனர். தொழிலாளர்கள் அங்கு வந்து சமயச் சொற்பொழிவுகளைக் கேட்பது வழக்கம். கூட்டத்திற்கு வந்தவர்களின் குறைகள் தொழிலாளர் சங்கம் ஒன்றன் தேவையை உணர்த்தின. 1918 மார்ச்சு மாதத்தில் நடந்த கூட்டத்தில் கலியாணசுந்தரனார் தொழிலாளர் ஒற்றுமை பற்றித் தமிழில் பேசினார்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமாக இது கருதப்படுகிறது. பி. பி. வாடியா தலைவராகவும், கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் பொறுப்பேற்றனர். வாடியா ஆங்கிலத்தில் உரையாற்றுபவர். எனவே தொழிலாளர்களுக்குச் சங்கத்தின் நோக்கத்தையும் உரிமை என்னும் கருத்தையும் அவர்களது மொழியிலேயே விளக்கும் பொறுப்பு பெரிதும் கலியாணசுந்தரனாரைச் சார்ந்தது.

1920 இல் ஆலை நிருவாகம் சங்கத் தலைவர்கள் மீது வழக்குத் தொடர்ந்து, உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. வேலை நிறுத்தத்தைத் தூண்டினால் இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும் என்னும் நிலை உருவாயிற்று. தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்னும் கோரிக்கையை இவ்வழக்கு வலுப்படுத்தியது. 1926 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் இதன் பின்னணியில் பிறந்ததாகும்.

1921 ஆம் ஆண்டு வேலை நிறுத்தம் கலியாணசுந்தரனாரின் பொதுவாழ்வில் பெரும் சோதனையாக அமைந்தது. சில மாதங்கள் நீடித்த அப்போராட்டத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினர். சங்கத்தினருக்கும் அவர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் தீக்கிரையாயின. காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. முடிவில் வேலை நிறுத்தம் தோல்வியுற்றது. தொழிலாளர் என்னும் ஒற்றுமையைச் சாதி வேற்றுமை எளிதில் உடைத்துவிடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. சாதி ஒழியாமல் தொழிலாளர் விடுதலை நிறைவேறாது என்னும் கருத்து இவரது பிற்கால எழுத்துகளில் தொடர்ந்து இடம்பெற்றது.

அரசியலும் காஞ்சிபுரம் மாநாடும்

கலியாணசுந்தரனார் காங்கிரசு இயக்கத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். காங்கிரசில் இருந்த பிராமணரல்லாதார் 1917 இல் தொடங்கிய சென்னை மாகாணச் சங்கத்திலும் பங்கு கொண்டார். சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்களுக்குச் சாதி அடிப்படையில் தனித்தனியே உணவு பரிமாறப்பட்டது 1924-25 ஆம் ஆண்டுகளில் பெரும் பிணக்கை உண்டாக்கியபோது, பொ. வரதராசுலு நாயுடு, ஈ. வெ. இராமசாமி ஆகியோருடன் சேர்ந்து இவரும் அவ்வழக்கத்தை எதிர்த்தார்.

1925 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரசு மாகாண மாநாடு கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவர் கலியாணசுந்தரனார். வகுப்புவாரி உரிமை குறித்து ஈ. வெ. இராமசாமி கொண்டுவந்த தீர்மானத்தை மாநாட்டில் எடுத்துக்கொள்ள அவர் தலைவர் என்ற முறையில் இசையவில்லை. இராமசாமி மாநாட்டை விட்டு வெளியேறினார், காங்கிரசையும் துறந்தார். தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சிகளுள் இது ஒன்றாகும். சாதி வேற்றுமையை வெறுத்த ஒருவரே அவ்வேற்றுமைக்குத் தீர்வாக முன்வைக்கப்பட்ட தீர்மானத்திற்குத் தடையாக நின்றார் என்பது இவர் மீது கூறப்படும் முதன்மையான குறையாகும். வகுப்பு அடிப்படையிலான பங்கீடு மக்களைப் பிரித்துவிடும் என்னும் அச்சமும், விடுதலை இயக்கத்தின் ஒற்றுமை குலையக் கூடாது என்னும் எண்ணமும் அம்முடிவுக்குக் காரணங்கள். எனினும் நடைமுறையில் பிரிவைத் தவிர்க்க அம்முடிவு உதவவில்லை.

இதன்பின் தன்மதிப்பு இயக்கத்தினர் சமயத்தையும் புராணங்களையும் கடுமையாகத் தாக்கியபோது கலியாணசுந்தரனார் அவர்களுடன் கருத்துப் போர் புரிந்தார். மறுபுறம் வைதிகச் சைவர்கள் இவரது சமரசக் கொள்கையைச் சைவத்திற்கு முரணானது என்று கண்டித்தனர். இவ்வாறு இரு தரப்பினரின் எதிர்ப்புக்கும் ஆளானபோதும் இவர் எவரிடத்தும் பகைமை பாராட்டவில்லை. இராமசாமியுடன் கொண்ட நட்பு கொள்கை வேறுபாடுகளைக் கடந்து இறுதிவரை நீடித்தது. காலப்போக்கில் காங்கிரசின் நடைமுறை அரசியலிலிருந்து ஒதுங்கித் தொழிலாளர் பணியிலும் எழுத்துப் பணியிலும் ஈடுபட்டார்.

பெண் விடுதலை

1927 ஆம் ஆண்டில் வெளிவந்த பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை இவரது நூல்களில் மிகுதியாகப் படிக்கப்பட்ட ஒன்றாகும். திருமணங்களில் பரிசாக வழங்கப்படும் அளவுக்கு அது செல்வாக்குப் பெற்றது. பெண்ணைத் தாழ்த்தும் சமுதாயம் உயராது, பெண்ணை வெறுக்கும் துறவு உண்மைத் துறவன்று என்பன அந்நூலின் மையக் கருத்துகள். குழந்தை மணத்தையும் கைம்மைக் கொடுமையையும் இவர் கண்டித்தார். தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி மேற்கொண்ட முயற்சியை ஆதரித்தார்.

பெண்மை என்பதைத் தாய்மை, பொறுமை, அன்பு ஆகிய பண்புகளோடு இணைத்தே இவர் பேசினார். இப்பண்புகளால் பெண்ணை உயர்த்துவது, அவளை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் நிறுத்துவதாகவும் ஆகும் என்று இன்று எண்ண இடமுண்டு. ஆயினும் பெண்ணை மாயை என்று இழித்துப் பாடிய நெடிய மரபு ஒன்று இருந்த சூழலில், பட்டினத்தார் பாடல்களுக்கே உரை எழுதிய சைவர் ஒருவர் அம்மரபை மறுத்து எழுதினார் என்பது கருதத்தக்கது.

கவிதைப் பணி

கலியாணசுந்தரனாரின் செய்யுள் நூல்கள் பெரும்பாலும் 1930 ஆம் ஆண்டுக்குப் பின் வெளிவந்தவை. உரிமை வேட்கை அல்லது நாட்டுப் பாடல் (1931) நாட்டு விடுதலையைப் பாடுவது. முருகன் அருள் வேட்டல் (1932), திருமால் அருள் வேட்டல் (1938), கிறிஸ்துவின் அருள் வேட்டல் (1945), சிவன் அருள் வேட்டல் (1947) ஆகியன வெவ்வேறு சமயத் தெய்வங்களை முன்னிறுத்துவன. கிறிஸ்து மொழிக்குறள் (1948) இயேசுவின் மொழிகளைக் குறள் யாப்பில் தருவது. அருகன் அருகே அல்லது விடுதலை வழி (1951) சமண நெறியைப் பொருளாகக் கொண்டது. ஒரே கவிஞர் முருகனையும் திருமாலையும் கிறிஸ்துவையும் அருகனையும் தனித்தனி நூல்களில் பாடியிருப்பது தமிழில் அரிதாகக் காணப்படுவதாகும்.

வேட்டல் என்பது விரும்புதல் எனப் பொருள்படும். பொதுமை வேட்டல் (1942), புதுமை வேட்டல் (1945) ஆகிய நூல்களில் இவர் வேண்டுவது தனி ஒருவரின் வீடுபேறு அன்று, உலகப் பொதுவாழ்வு. உழைப்பவர்க்கு உரிய பயன் கிடைத்தல், நாடு, நிறம், சாதி என்னும் பிரிவுகள் ஒழிதல், போரற்ற உலகம் அமைதல் ஆகியவை அவற்றின் பொருள்கள். இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த ஆண்டுகளில் இவை எழுதப்பட்டமை நினைவிற் கொள்ளத்தக்கது. பத்திப் பாடலின் வடிவத்தை எடுத்துக்கொண்டு அதில் சமுதாய வேண்டுகோளை அமைத்தது இவரது தனித்தன்மையாகும்.

இவரது செய்யுள்கள் எளிய சொற்களால் ஆனவை. கற்பனையும் அணியும் குறைவு. கருத்தை நேரடியாகக் கூறும் இயல்பால், கவிதை என்னும் வகையில் இவை பாரதியார், பாரதிதாசன் பாடல்கள் அளவுக்கு மக்களிடையே பரவவில்லை. உரைநடையில் இவர் பெற்ற புகழும் செய்யுள்களை மறைத்தது. எனினும் இவரது சிந்தனை எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிய இவை இன்றியமையாதவை.

மார்க்சியமும் காந்தியமும்

தொழிலாளர் இயக்கத்தில் பெற்ற பட்டறிவும் நூற்பயிற்சியும் கலியாணசுந்தரனாரை மார்க்சின் கொள்கைகளை நோக்கி ஈர்த்தன. பொருளாதாரச் சமத்துவத்திற்கு மார்க்சியமும், உள்ளத் தூய்மைக்குக் காந்தியமும் தேவை என்று அவர் கருதினார். ஒன்று மட்டும் போதாது என்பது அவரது முடிவு. பொருளும் அருளும் அல்லது மார்க்ஸியமும் காந்தியமும் (1951) என்னும் செய்யுள் நூல் இக்கருத்தை விரித்துரைப்பது. பொருளை மறந்த அருளையும் அருளை மறந்த பொருளையும் அவர் ஏற்கவில்லை.

இறுதிக் காலம்

இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் மீண்டும் நெடிய வேலை நிறுத்தம் நடைபெற்றது. அப்போது 64 வயதை எட்டிக்கொண்டிருந்த கலியாணசுந்தரனார் சென்னை மாகாணத்தின் காங்கிரசு அரசால் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய இயக்கத்தின் அரசே, அவ்வியக்கத்தை வளர்த்த ஒருவரைத் தொழிலாளர் பக்கம் நின்றமைக்காகக் காவலில் வைத்தது அன்று பலரையும் வருந்தச் செய்தது.

அதன்பின் இவரது கண்பார்வை படிப்படியாக மங்கியது. பார்வையை இழந்த நிலையிலும் மனத்தில் செய்யுள்களை அமைத்து, பிறரைக் கொண்டு எழுதுவித்தார். இருளில் ஒளி (1950), முதுமை உளறல் (1951), வளர்ச்சியும் வாழ்வும் அல்லது படுக்கைப் பிதற்றல் (1953) ஆகியவை இக்காலத்தில் வெளிவந்த நூல்களாகும். முதுமையையும் நோயையும் தாமே எள்ளி நகைக்கும் தன்மையை இத்தலைப்புகள் காட்டுகின்றன. தமிழறிஞர் மு. வரதராசன் இவர்பால் பேரன்பு கொண்டு, இறுதிக் காலத்தில் இவருக்குத் துணையாக இருந்தார். கலியாணசுந்தரனார் 1953 செப்டம்பர் 17 அன்று தமது எழுபதாம் வயதில் சென்னையில் காலமானார்.

தன்வரலாறு

1944 இல் வெளிவந்த வாழ்க்கைக் குறிப்புகள் தமிழில் எழுதப்பட்ட தன்வரலாற்று நூல்களில் சிறப்பிடம் பெறுவது. துள்ளம், இராயப்பேட்டை ஆகிய இடங்களின் பழைய தோற்றம், பள்ளி வாழ்க்கை, இதழியல், ஆலைத் தொழிலாளர் போராட்டங்கள், அக்காலத் தலைவர்கள் பற்றிய செய்திகள் அதில் விரிவாக இடம்பெற்றுள்ளன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் நிலவிய சமுதாய நிலையை ஆராய்வோர்க்கு அந்நூல் சிறந்த கருவியாகும்.

நினைவுகள்

தமிழ்நாடு அரசு இவரது நூல்களை நாட்டுடைமை ஆக்கியுள்ளது. தமிழ் எழுத்தாளர்களுக்கு இவர் பெயரால் திரு. வி. க. விருதும் வழங்குகிறது. திருவாரூரில் உள்ள அரசு கலைக் கல்லூரி இவரது பெயரைத் தாங்கியுள்ளது. சென்னை கிண்டியிலுள்ள தொழிற்பேட்டைக்குத் திரு. வி. க. தொழிற்பேட்டை எனப் பெயரிடப்பட்டுள்ளது. பெரம்பூரை ஒட்டிய திரு. வி. க. நகர், சட்டமன்றத் தொகுதி ஒன்றன் பெயராகவும் விளங்குகிறது. இவர் பாடுபட்ட பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1990களில் மூடப்பட்டன. இவர் உருவாக்கத் துணைநின்ற சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தோற்றம் இந்தியத் தொழிலாளர் இயக்க வரலாற்றின் தொடக்கங்களுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது.